அடுத்து வாங்கவேண்டியது கமராதானா?

“புதிய கமரா ஒன்று வாங்கப் போகிறேன், எதை வாங்கலாம்?” என்று இளம் செய்தியாளர்கள் சிலர் அடிக்கடி கேட்கிறார்கள். நான் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பேன். கடைசியாக எந்தப் படத்தை எடுக்க முடியாமல் திரும்பி வந்தீர்கள்? அதற்குப் பதில் இல்லையென்றால் இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம் என்பதுதான் என் ஆலோசனை.

என்னிடம் அதற்குப் பதில் இருந்தது. கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தை அறியாத வாசகர் இங்கு இருக்கமாட்டார். அவர்கள் கையில் வைத்திருக்கும் படங்களை நாம் நூறு தடவை எடுத்திருப்போம். ஆனால், அந்தப் படங்களையே தனியாகப் படமெடுத்தவர்கள் குறைவு. பல குடும்பங்களிடம் எஞ்சியிருப்பது அடையாள அட்டைக்காக எடுத்த ஒரேயொரு சிறிய படம். அல்பங்கள் இடப்பெயர்வுகளில் போய்விட்டன, மிச்சமிருந்தவை முள்ளிவாய்க்காலில் போயின. வெயிலிலும் மழையிலும் பிடித்துப் பிடித்து, லமினேட் செய்திருந்தும் நிறம் வெளிறிக்கொண்டு போகிறது.

அப்படியொரு அம்மா தன் மகனின் படத்தை நீட்டி, “பிள்ளை, இதைப் பெரிசாக்கித் தரேலுமோ? ஆனா கொண்டு போகாதேங்கோ, இங்கயே எடுங்கோ” என்றார். எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தால், தகரக் கொட்டகையின் வெளிச்சம் ஒரு வெள்ளைக் கோடாக மகனின் முகத்துக்குக் குறுக்கே விழுந்திருந்தது.

அன்றிரவே புல் ஃபிரேம் கமராக்களின் விலையைத் தேடத் தொடங்கினேன். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறிய பிறகு, பழைய கமராவின் விலைகூட எங்களுக்கு எட்டாக்கனிதான். விலையைப் பார்த்த பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

என்னிடம் இருந்தது 2013இல் வெளிவந்த கனன் 700டி, அதோடு வரும் 18-55 எஸ்ரிஎம் லென்ஸ். அதன் சென்சர் அகலம் 22.3 மில்லிமீற்றர். லென்ஸ் மிக அருகில், அதாவது சென்சரிலிருந்து 25 சென்ரிமீற்றரில், பொருளை 0.36 மடங்காக விழுத்தும். அப்படியென்றால் சட்டகத்துக்குள் சுமார் 62க்கு 41 மில்லிமீற்றர் பரப்பு அடங்கும். பாஸ்போட் அளவுப் படம் 45க்கு 35. கச்சிதமாகப் பொருந்துகிறது. 18 மெகாபிக்சலில் அந்த முகத்துக்கு மட்டும் ஏறத்தாழ 3,700க்கு 2,900 பிக்சல் கிடைக்கும். ஏ4 தாளில் அச்சிட இது தாராளம். அந்தத் தாய்மார் ஏந்தும் பதாகையில் இருக்கும் படமும் பெரும்பாலும் அந்த அளவுதான்.

குறை கமராவில் இல்லை, வெளிச்சத்தில் இருந்தது. இது விளங்காமல் முதலில் போலரைசர் ஃபில்டர் ஒன்றை வாங்கிக் காசை வீணாக்கினேன். சாய்வாக வரும் பளபளப்பைத்தான் அது குறைக்கும். படத்துக்கு நேர் எதிரே கமராவை வைக்கும்போது அதனால் பெரிய பயன் இல்லை. பிறகு கைகொடுத்தது ஒரு மீற்றர் கறுப்புத் துணி. லென்ஸ் அளவுக்குத் துளை வெட்டி, கமராவுக்கு முன்னால் தொங்கவிட்டால், லமினேட்டில் தெரிவதற்குக் கறுப்பைத் தவிர வேறொன்றும் இராது. வெளிச்சம் இரண்டு பக்கத்திலிருந்தும் சாய்வாக வரவேண்டும். மேகம் மூடிய நாளில் விறாந்தையே போதும். லமினேட்டை மட்டும் உரிக்கப் போகாதீர்கள், படத்தின் மேற்படையும் சேர்ந்து வந்துவிடும்.

உண்மையில் காசு கொடுத்து வாங்கவேண்டியிருந்தது உறுதியான ட்ரைபொட். படத்தைச் சுவரில் நிமிர்த்தி வைத்து, அதே உயரத்தில் கமராவைப் பூட்ட வேண்டும். நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. படம் இருக்கும் இடத்தில் சின்னக் கண்ணாடி ஒன்றைப் பிடியுங்கள், லென்ஸின் பிம்பம் சட்டகத்தின் நடுவில் தெரிந்தால் சரி. ஐஎஸ்ஓ 100, எஃப்8, இரண்டு விநாடி டைமர், ரோ கோப்பு. வேறு ரகசியம் இல்லை.

கைபேசியால் எடுத்தால் என்ன என்று கேட்கலாம். அவசரத்துக்கு எடுக்கலாம். ஆனால், முகத்தை மெருகூட்டும் வசதிகளை நிறுத்திவிட வேண்டும். மங்கிய படத்தைத் தெளிவாக்கித் தருவதாகச் சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள், இல்லாத கண்ணையும் இமையையும் தாங்களாகவே வரைந்து வைக்கின்றன. அது அந்தப் பிள்ளையின் முகம் அல்ல. நாளைக்கு ஒருவரை அடையாளம் காணும் தேவை வந்தால், அழிக்கப்பட்ட ஒரு தழும்பு பெரிய விடயம். ஆகவே முதல் கோப்பைத் தொடாமல் வைத்து, பிரதியில் மட்டும் திருத்துங்கள்.

பழைய லென்ஸ் வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. எங்கள் ஈரக்காற்றில் பூஞ்சணம் சாதாரணம். பின்பக்கத்திலிருந்து ரோச் அடித்துப் பாருங்கள், சிலந்தி வலைபோல் தெரிந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

அந்த அம்மாவிடம் இரண்டாவது தடவை போய் எடுத்து, ஏ4 அளவில் அச்சிட்டுக் கொடுத்தேன். மகனைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, “சேட்டு பொத்தான் ஒண்டு மாறித் தைச்சிருக்கு, நான்தான் தைச்சனான்” என்றார். சின்னப் படத்தில் அது தெரிந்ததில்லை.

அதன் பிறகு வேறு தாய்மாரும் கேட்கத் தொடங்கினார்கள். எடுத்தவை எல்லாம் என் மடிகணினியில் ஒரேயொரு பிரதியாக இருக்கின்றன. அது பழுதானாலோ, யாராவது எடுத்துச் சென்றாலோ எல்லாம் போய்விடும். யாருடைய படம், யாரிடமிருந்து, எப்போது எடுத்தது, வெளியிடச் சம்மதமா என்ற குறிப்புகளும் அதற்குள்தான். ஆகவே அடுத்து நான் வாங்கப்போவது இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள். ஒன்று என்னிடம், மற்றது வேறு ஊரில் நம்பிக்கையான ஒருவரிடம். லென்ஸ் அடுத்த வருடம் பார்க்கலாம்.