அரிவாள் வைத்திருந்தால் குற்றமா?

2018 பிப்ரவரியில் சென்னைப் புறநகரான மலையம்பாக்கத்தில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டம். கேக் வெட்டியது அரிவாளால். சுற்றி நின்று கைதட்டியவர்களில் பலர் காவல்துறை தேடிக்கொண்டிருந்த ரவுடிகள். போலீசார் துப்பாக்கியோடு சுற்றி வளைத்ததில் எழுபதுக்கும் மேற்பட்டோர் பிடிபட்டார்கள். விழா நாயகர் மட்டும் அன்றிரவு தப்பி, சில நாள் கழித்துச் சரணடைந்தார். இத்தனை நடந்தும் 'பட்டாக்கத்தியால் கேக் வெட்டியவர் கைது', 'அரிவாளுடன் ரீல்ஸ் போட்ட இளைஞர் கைது' என்ற செய்திகள் ஓய்ந்தபாடில்லை.

அதே சென்னையில், அதே அளவு அரிவாளை வைத்துக்கொண்டு தெருவுக்குத் தெரு இளநீர் சீவுகிறார்கள். அவர்களை யாரும் கைது செய்வதில்லை. இரும்பு ஒன்றுதான் என்றால் சட்டம் எதைப் பார்த்துப் பிரிக்கிறது?

பதில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் இருக்கிறது. அதற்கு முன்பு இருந்தது, வைசிராய் லிட்டன் காலத்தில் 1878-இல் வந்த சட்டம். 1857 கிளர்ச்சியின் அச்சம் நீங்காத ஆட்சி இயற்றியது என்பதால், அது துப்பாக்கியையும் வாளையும் ஒரே சந்தேகக் கண்ணோடுதான் பார்த்தது. சுதந்திர இந்தியா அதை மாற்றியபோது, கத்தி, ஈட்டி, வில் அம்பு போன்றவற்றை உரிமத் தொல்லையிலிருந்து விடுவிப்பது புதிய சட்டத்தின் நோக்கங்களில் ஒன்று என்றே சொல்லப்பட்டது. 1962 அக்டோபர் 1 முதல் அது நடப்பில் உள்ளது.

தாக்கவோ தற்காக்கவோ ஆயுதமாகவே வடிவமைத்த பொருள்தான் இந்தச் சட்டத்தின்படி 'ஆயுதம்'. கூர்முனைக் கருவிகளும் அதில் அடங்கும். ஆனால் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே என்று செய்யப்பட்டவை அடங்கா. ஆக அரிவாள்மனை, கதிர் அரிவாள், பாளை சீவும் அரிவாள், கசாப்புக் கடைக் கத்தி எதற்கும் உரிமம் தேவையில்லை. ஆயுத விதிகள் ஓர் அளவையும் தருகின்றன. வாள், குத்துவாள், ஈட்டி, போர்க்கோடரி ஆகியவற்றோடு, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட கத்திகளும் ஆயுதப் பட்டியலில் வரும். வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகிய தேவைகளுக்காகச் செய்தவற்றுக்கு இங்கும் விலக்கு உண்டு. அந்த விலக்கு இல்லாமல் வெறும் அங்குலக் கணக்கு மட்டும் இருந்திருந்தால், நேர்த்திக்கடனாக ஆளுயர அரிவாள்களை வாங்கி நிறுத்தியிருக்கும் கருப்பசாமியே உரிமம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

பலர் குழம்பும் இடம் இனிமேல்தான் வருகிறது. பட்டியலில் உள்ள வாளையோ பெரிய கத்தியையோ தயாரிப்பது, விற்பது ஒரு விஷயம். வைத்திருப்பது வேறு விஷயம். தயாரிப்புக்கும் விற்பனைக்கும் சட்டத்தின் 5-ஆம் பிரிவு உரிமம் கேட்கிறது. வைத்திருப்பதற்கு 4-ஆம் பிரிவின்படி உரிமம் தேவையென்றால், இன்ன பகுதியில் இன்ன வகை ஆயுதம் என்று அரசு முதலில் அரசிதழில் அறிவிக்க வேண்டும். துப்பாக்கிக்கு இந்தச் சலுகை கிடையாது. நாடு முழுவதும் எப்போதும் உரிமம் வேண்டும்.

டெல்லி நல்ல உதாரணம். அங்கே 1980-இல் வந்த அறிவிக்கை, பட்டனைத் தட்டினால் விரியும் வகைக் கத்திகளைக் குறிவைத்தது. அலகு 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் எட்டினால் சிக்கல். இப்படி ஒரு கத்தியோடு பிடிபட்டவரின் வழக்கு அண்மையில் உச்ச நீதிமன்றம் வரை போனது. அறிவிக்கை பேசுவது தயாரிப்பையும் விற்பனையையும் விற்பனைக்காக வைத்திருப்பதையும். அந்த நோக்கம் குற்றப்பத்திரிகையில் சொல்லப்படவே இல்லை என்று காட்டி நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. கையில் கத்தி இருந்தது என்பது மட்டும் போதாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

சமயமும் மரபும் தந்த விலக்குகளும் உண்டு. சீக்கியர் கிர்பான் அணிவதை அரசமைப்பின் 25-ஆம் பிரிவே சமய உரிமையாக ஏற்கிறது. உள்நாட்டு விமானத்தில்கூட, மொத்த நீளம் 9 அங்குலத்தையும் அலகு 6 அங்குலத்தையும் தாண்டாத கிர்பானுடன் அவர்கள் ஏறலாம். மற்றவர்கள் காய் நறுக்கும் கத்தியைக்கூட கைப்பையில் கொண்டுபோக முடியாது; பெட்டியில் வைத்து ஒப்படைக்க வேண்டியதுதான். நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் குடகின் கொடவர்களுக்கு வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே ஆயுத விலக்கு உண்டு. மத்திய அரசு அதை 2019-இல் மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டித்தது.

வைத்திருப்பதில் இவ்வளவு தாராளமாக இருக்கும் சட்டம், கத்தியைக் கையில் எடுத்துவிட்டால் வேறு முகம் காட்டும். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 118-ஆம் பிரிவுப்படி, வெட்டும் அல்லது குத்தும் கருவியால் காயப்படுத்தினால் மூன்றாண்டு வரை சிறை. கொடுங்காயம் என்றால் ஆயுள் வரை போகலாம். கொல்லக்கூடிய ஆயுதத்தோடு சட்டவிரோதக் கூட்டத்தில் நின்றாலே இரண்டாண்டு வரை. கொள்ளையில் ஆயுதத்தைப் பயன்படுத்தினால் குறைந்தது ஏழாண்டு. இந்தப் 'பயன்படுத்தினால்' என்பதற்கு உச்ச நீதிமன்றம் 1975-லேயே விளக்கம் சொல்லிவிட்டது: எதிரே இருப்பவர் கண்டு அஞ்சும்படி கத்தியைக் கையில் பிடித்திருந்தால் போதும், குத்தியிருக்க வேண்டியதில்லை. ரீல்ஸ் எடுக்கும் தம்பிகள் மாட்டுவதும் பெரும்பாலும் இந்த மிரட்டல், பொது அமைதிக் குலைவு என்ற வழியில்தான்.

இடமும் நாளும்கூடக் கணக்கில் வரும். இம்மானுவேல் சேகரன் நினைவு நாள், தேவர் ஜெயந்தி சமயங்களில் ராமநாதபுரம் மாவட்டத்தில் தடை உத்தரவு வருவது வழக்கம். முன்பு 144, இப்போது புதிய நடைமுறைச் சட்டத்தின் 163-ஆம் பிரிவு. சாதாரண நாளில் பைக்கில் கட்டிக்கொண்டு போகிற அரிவாள், அத்தகைய நாளில் சோதனைச் சாவடியில் பெரிய கேள்விகளைக் கிளப்பும்.

2021 செப்டம்பரில் தென்மாவட்டங்களில் பழிக்குப் பழிக் கொலைகள் அடுத்தடுத்து நடந்தபோது, அன்றைய டிஜிபி சைலேந்திர பாபு கொல்லுப்பட்டறைகள் பக்கம் பார்வையைத் திருப்பினார். வாங்குபவரின் பெயர், முகவரியைக் குறித்து வைக்க வேண்டும், கண்காணிப்பு கேமரா பொருத்த வேண்டும், முன்பின் தெரியாதவர்களுக்கு விற்கக் கூடாது என்று பட்டறைக்காரர்களிடம் சொல்லப்பட்டது. நோக்கம் சரிதான். ஆனால் அரிவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்தி போன்ற ஊர்களில், உலைக்கு முன் உட்கார்ந்திருப்பவர் வருகிறவரின் மனதை எப்படிப் படிப்பார்? தென்னந்தோப்புக்கு என்று சொல்லித்தானே எல்லாரும் வாங்குவார்கள்.

உண்மையான ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. துப்பாக்கி வைத்திருக்க 21 வயது நிறைய வேண்டும் என்று சொல்லும் ஆயுதச் சட்டம், அரிவாள் வாங்க வயது எதுவும் சொல்லவில்லை. 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பு மாணவன் பள்ளிக்குள்ளேயே சக மாணவனை அரிவாளால் வெட்டினான். தடுக்கப் போன ஆசிரியருக்கும் வெட்டு விழுந்தது.

தமிழர்கள் நிறைய வாழும் பிரிட்டனில் 18 வயது நிரம்பாதவருக்குப் பொதுவாகக் கத்தி விற்கக் கூடாது. மடக்கக்கூடிய, பூட்டு விழாத, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்தைத் தாண்டாத சிறு கத்தி தவிர வேறெதையும் தக்க காரணமின்றிப் பொது இடத்தில் எடுத்துச் செல்லவும் கூடாது. மீறினால் நான்காண்டு வரை சிறை. வெண்ணெய் தடவும் கத்தியும் இதில் அடங்கும் என்று 2005-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உணவகச் சமையற்காரர் தன் கத்திகளை வேலைக்கு எடுத்துப் போகலாம்; ஆனால் அதற்கான காரணத்தை நிரூபிக்க வேண்டியவர் அவரே. இவ்வளவு இறுக்கம் விவசாயம் நிறைந்த நம் ஊருக்குப் பொருந்தாது. ஆனால் வயது வரம்பை மட்டும் கடன் வாங்கினால் குறை ஒன்றுமில்லை.

அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியவை எளியவை. பட்டறையில் அரிவாள் வாங்கினால் ரசீது கேளுங்கள். எடுத்து வரும்போது சாக்கிலோ துணியிலோ சுற்றிக் கட்டுங்கள். வண்டியில் செருகிக்கொண்டு வராதீர்கள். ஆன்லைனில் அழகாகத் தெரிகிற பட்டன் கத்தியை வாங்குமுன் உங்கள் பகுதியில் தடை உண்டா என்று விசாரியுங்கள். தோட்டத்து அரிவாளைப் பிள்ளைகள் கை எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.