கேத வீட்டில் நீளும் பத்திரம்

திருநெல்வேலிப் பக்கம் பதினாறாம் நாள் விசேஷம் முடியும்வரை கேத வீட்டில் யாரும் காகிதப் பேச்சு எடுப்பதில்லை. நாற்பது, ஐம்பது வருஷம் கூடவே வாழ்ந்தவரை ஆற்றங்கரையில் வழியனுப்பிவிட்டு உட்கார்ந்திருப்பவரிடம், ஆதார் அட்டை எங்கே என்று கேட்க யாருக்கு மனசு வரும்? ஆனால் இறப்பைப் பதிவுசெய்யச் சட்டம் தரும் அவகாசம் 21 நாள்தான். விசேஷம் முடிந்தபின் மிச்சம் ஐந்தே நாள்.

ஆஸ்பத்திரியில் நடந்த இறப்பை அவர்களே பதிந்துவிடுவார்கள். வீட்டில் உயிர் பிரிந்தால், கிராமத்தில் வி.ஏ.ஓ.விடம் குடும்பத்தார்தான் சொல்ல வேண்டும். 30 நாள் தாண்டினால் அதிகாரியின் அனுமதி வாங்கி அலைய நேரும்.

அடுத்து, பீரோவில் இருக்கும் பழைய பாஸ்புக்குகள். அம்பாசமுத்திரம், முக்கூடல், மேலப்பாளையம் வட்டாரத்தில் பல வீடுகளை நிறுத்தியது பெண்கள் சுற்றிய பீடி. அந்த வேலைக்கு பி.எப். உண்டு. வேலையில் இருக்கும்போதே மனைவி இறந்தால், ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே கணவருக்கு மாத ஓய்வூதியம் கிடைக்கும். துணையின் பென்ஷன் விதவைக்கு மட்டும்தான் என்று நினைத்து, கேட்காமலே இருந்துவிடும் ஆண்களுக்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆதரவற்ற விதவைகளுக்கு மாநில அரசு தரும் உதவித்தொகை, 2023 ஆகஸ்டிலிருந்து மாதம் 1,200 ரூபாய்.

இவற்றுக்கெல்லாம் அவசரம் வேண்டும். அவசரமே கூடாத ஒன்றும் அதே நாட்களில் நடந்துவிடுகிறது. "எம்மா, இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுரு, பெறவு எல்லாத்தையும் நாங்க பாத்துக்கிடுதோம்" என்று பிள்ளை நீட்டுவது பல நேரம் விடுதலைப் பத்திரம். அது பதிவானால் தாயின் பங்கு கைவிட்டுப் போகும். பிள்ளை கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை. அழுது களைத்த தாய்க்கு வாசிக்கத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பங்கு எவ்வளவு? உயில் எழுதாமல் இறந்த இந்துவின் சொந்தச் சம்பாத்தியத்தில் மனைவி, ஒவ்வொரு மகன், ஒவ்வொரு மகள், உயிரோடிருந்தால் அவருடைய தாய், எல்லோருக்கும் சம பங்கு. பிள்ளைகள் உள்ள பாளையங்கோட்டைக் கிறிஸ்தவ விதவைக்கு மூன்றில் ஒன்று. பிள்ளைகள் உள்ள மேலப்பாளையத்து முஸ்லிம் விதவைக்கு எட்டில் ஒன்று. எல்.ஐ.சி. பாலிசியின் நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள் மட்டுமே, வாரிசுகளின் உரிமை அப்படியேதான் இருக்கும் என்று 1983-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே உரியது என்கிறது 2015-இல் திருத்திய காப்பீட்டுச் சட்டம்.

எழுதிக் கொடுத்தபின் பிள்ளைகள் கைவிட்டால்? மூத்த குடிமக்கள் சட்டம், 2007-இன் 23-ஆம் பிரிவு, பராமரிக்கும் நிபந்தனையோடு கொடுத்த சொத்தை மீட்க வழி தருகிறது. மனுவைக் கோட்டாட்சியரிடம் கொடுக்கலாம். திருநெல்வேலியிலும் சேரன்மகாதேவியிலும் அந்த அலுவலகங்கள் உள்ளன. நாகப்பட்டினத்தில் ஒரு மூதாட்டி மகனுக்கு வீட்டை எழுதிவைத்தார். மகன் இறந்தபின் மருமகள் கவனிக்கவில்லை. பத்திரத்தில் நிபந்தனை வெளிப்படையாக இல்லாவிட்டாலும், அன்பினால் கொடுத்ததிலேயே அது அடங்கியிருக்கிறது என்று 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ஆனால் நிபந்தனையோடுதான் கொடுத்தது என்பதை நிரூபிக்க வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னதும் உண்டு. ஆகவே தாய் கொடுக்கத்தான் போகிறார் என்றால், "என்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்" என்ற வரியைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்ல வேண்டும்.

பெண்களுக்கு, வருமானம் எதுவானாலும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்கறிஞர் உதவி இலவசம். தொலைபேசி 15100. நீட்டிய பத்திரத்தைக் கையெழுத்துக்கு முன் அங்கே கொண்டுபோய் வாசித்துக் காட்டச் சொல்லலாம்.