வீட்டுப் பந்தலில் விதையில்லா திராட்சை: போளூர் வெயிலுக்கு எந்த ரகம், எப்போது கவாத்து?

"ஹஜ்ரத், கொடி பந்தல் முழுக்கப் படர்ந்திருக்கு. மூணு வருஷமா ஒரு கொத்துகூட இல்லை. வெட்டிப் போட்டுடலாமா?"

போளூரில் ஜுமுஆ முடிந்து வெளியே வரும்போது ஒரு சகோதரர் நம்மிடம் கேட்டது இது. வீட்டில் பல் போன பாட்டியும் சின்னப் பிள்ளைகளும் இருப்பதால், விதையில்லா ரகம்தான் வேண்டும் என்று தேடி வாங்கி வைத்தவர் அவர். போய்ப் பார்த்தோம். மாடியின் பாதியை மூடிய பச்சைக் கூரை. அடியில் நின்றால் ஒரு துளி வெயில் மேலே படவில்லை. வெட்டத்தான் வேண்டும், ஆனால் வேரோடு அல்ல என்றோம். மூன்று வருடத்தில் அந்தக் கொடியில் ஒருமுறைகூடக் கத்தரி பட்டதில்லை.

இதைப் புரிந்துகொள்ள, விதையில்லா திராட்சை என்பது என்ன என்று முதலில் பார்ப்போம். இது மருந்து தெளித்து விதையை நீக்கிய பழம் அல்ல. தாம்சன் சீட்லெஸ் போன்ற ரகங்களில் மகரந்தம் சேர்கிறது, கருவும் உண்டாகிறது. சில வாரங்களில் அந்தக் கருவின் வளர்ச்சி நின்றுவிடுகிறது. பழத்தைக் கடிக்கும்போது நாக்கில் தட்டுப்படும் மெல்லிய துணுக்கு, அப்படி நின்றுபோன விதைதான். முளைக்க விதை இல்லாததால் குச்சி வெட்டி நட்டோ ஒட்டுக் கட்டியோதான் இதைப் பெருக்க முடியும். 'தாம்சன்' என்பது 1870களில் கலிஃபோர்னியாவில் இதைப் பரப்பியவரின் பெயர். கொடி அதற்கு வெகு காலம் முன்பே கிழக்கில் இருந்தது. நாம் பிரியாணியிலும் பாயசத்திலும் போடும் கிஷ்மிஷ் இந்தக் குடும்பத்துப் பழம்தான்.

இன்னொரு விஷயத்தையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். பழத்தைப் பெருக்க வைக்கும் ஜிப்ரலின் என்ற ஊக்கி பெரிதும் விதையிலிருந்துதான் வருகிறது. விதை இல்லையென்றால் பழம் சிறுத்துத்தான் இருக்கும். கடையில் நீளமாக, பருமனாகக் கிடைக்கும் பச்சைத் திராட்சை, கொத்துகளை ஜிப்ரலிக் அமிலக் கரைசலில் நனைத்து வளர்த்தது. வீட்டில் அப்படிச் செய்யத் தேவையில்லை. பிஞ்சு மிளகு அளவில் இருக்கும்போது கொத்தின் வால் பகுதியை மூன்றில் ஒரு பங்கு கிள்ளிவிட்டு, நெருக்கமான பிஞ்சுகளைக் கத்தரியால் எடுத்துவிட்டால் மிச்சமுள்ளவை ஓரளவு பருக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். உங்கள் வீட்டுப் பழம் சிறியதாக இருந்தால் உரம் போதவில்லை என்று பொருள் அல்ல.

சரி, எந்த ரகம்? தாஸ்-ஏ-கணேஷ், சொனாகா, மாணிக் சமன் ஆகிய மூன்றும் மகாராஷ்டிராவில் பேர்பெற்றவை, மூன்றும் தாம்சனின் வழி வந்தவை. பச்சைப் பழம், நல்ல இனிப்பு. கறுப்பில் ஷரத் சீட்லெஸ் உண்டு. சிவப்பில் ஃபிளேம் சீட்லெஸ். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் பிளாக் சம்பாவையும் தாம்சனையும் கலந்து அர்கா நீலமணி என்ற கறுப்பு ரகத்தை உருவாக்கியது. அதே நிறுவனத்தின் அர்கா ஸ்வேதாவுக்குத் தாய் ரகம் அனாபே ஷாஹி. பெயரைக் கேட்டதுமே மதரஸாவில் ஓதிய பிள்ளைகளுக்குப் புரியும்: 'இனப்' என்றால் திராட்சை. அரசத் திராட்சை! அது ஹைதராபாத்தில் புகழ்பெற்ற ரகம், ஆனால் விதை உள்ளது.

போளூரில் சித்திரை, வைகாசியில் இரவும் சூடு. இரவு குளிராவிட்டால் சிவப்பும் கறுப்பும் ஒரே சீராக ஏறாது, கொத்தில் பாதி பச்சையாகவே நிற்கும். ருசி கெடாது, பார்வைக்குத்தான் குறை. பச்சை ரகத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அதற்குக் கவாத்து தவறக் கூடாது. முதல் முறை வைப்பவர்களுக்கு நாம் அர்கா நீலமணியைச் சொல்வோம். இலையையும் தளிரையும் கருக்கும் ஆந்த்ராக்னோஸ் நோயை அது ஓரளவு தாங்கும். கத்தரி பிடிக்கவே தயக்கம் என்றால், தேனி மாவட்டத்தின் கம்பம் பன்னீர் திராட்சையே போதும். விதை இருக்கும், ஆனால் கொடி சொன்ன பேச்சு கேட்கும்.

வாங்கும்போது கவனம் தேவை. சாலையோரத்தில் 'சீட்லெஸ்' என்று சொல்லித் தந்த கன்றை நாமும் நம்பி வைத்து, இரண்டு வருடம் கழித்து விதையை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறோம். காய்க்கிற தாய்க்கொடியைக் கண்ணால் பார்த்துக் குச்சி வாங்குங்கள். இல்லையென்றால் வேளாண் பல்கலைக்கழகம், தோட்டக்கலைத் துறை போன்ற இடங்களில் வாங்குங்கள்.

இனி கவாத்து. இப்னு பதூதா 14ஆம் நூற்றாண்டில் தௌலதாபாத்தைப் பார்த்துவிட்டு, அங்கே திராட்சையும் மாதுளையும் வருடத்துக்கு இரண்டு முறை பழுப்பதாக எழுதினார். குளிர்நாடுகளில் கொடி இலையுதிர்த்து உறங்கி எழுந்து ஒருமுறை காய்க்கும். நம் வெயிலில் அது உறங்குவதில்லை. எப்போது எழுந்து காய்க்க வேண்டும் என்பதைக் கத்தரிதான் அதற்குச் சொல்கிறது. கத்தரி படாவிட்டால் இலையும் கொடியுமாகவே போய்க்கொண்டிருக்கும்.

தாம்சன் குடும்பத்துக்கு வருடத்தில் இரண்டு வெட்டு, ஒரே அறுவடை. அறுவடை முடிந்து மே மாதத்தில் முதல் வெட்டு: ஒவ்வொரு கிளையையும் ஒன்றிரண்டு கணு மட்டும் விட்டுக் குறைக்க வேண்டும். பந்தல் மொட்டையாகத் தெரியும், பயப்படாதீர்கள். புதுத் தளிர்கள் வந்ததும் நெருக்கமானவற்றைக் கிள்ளிவிட்டு, பந்தலடியில் புள்ளிபுள்ளியாக வெயில் விழும்படி வையுங்கள். அடுத்த பூவுக்கான கரு, வெட்டிய இரண்டு மாதத்துக்குள் அந்தத் தளிரின் கணுக்களில் உருவாகிவிடுகிறது. வெயில் படாத கணுவில் அது உருவாகாது. நாம் பார்த்த மாடியில் நடந்தது இதுதான்.

இரண்டாவது வெட்டு காய்க்காக. மகாராஷ்டிராவில் அதை அக்டோபரில் செய்வார்கள். அதைப் பார்த்து நாமும் செய்தால், வடகிழக்குப் பருவமழை இளந்தளிரில் விழுந்து அடிச்சாம்பல் நோய் வந்துவிடும். நமக்கு டிசம்பர் கடைசி அல்லது ஜனவரிதான் சரி. பென்சில் பருமனில் முற்றிப் பழுப்பேறிய கொடிகளில் ஆறிலிருந்து எட்டுக் கணு விட்டு வெட்டுங்கள். தாம்சன் வகையில் அடிக்கணுக்களில் பூ இருப்பது அரிது. பன்னீருக்கு நான்கு கணு போதும். ஏப்ரல், மே மாதங்களில் பழம். பறிப்பதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்தினால் இனிப்பு கூடும்.

நடுவதற்கு ஜூன், ஜூலை ஏற்றது. மூன்றடி ஆழ அகலக் குழியில் மட்கிய தொழுஉரம், செம்மண், மணல் கலந்து நிரப்புங்கள். மாடியில் பந்தல் போட்டாலும் வேர் தரையில் இருப்பது நல்லது. ஒரே தண்டாக மேலே ஏற்றி, பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளி இரு பக்கமும் விடுங்கள். தண்ணீர் தேங்கும் இடமோ, நாளில் ஆறு மணி நேர வெயில் படாத இடமோ வேண்டாம்.

மழைக்காலத்தில் ஒரு சதவீத போர்டோ கலவை உதவும். ஒரு லிட்டருக்குப் பத்து கிராம் மயில்துத்தம், பத்து கிராம் சுட்ட சுண்ணாம்பு. இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் வாளியில் அரை அரை லிட்டரில் கரைத்து, துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்குங்கள். இரும்புக் கத்தியை நனைத்துப் பார்த்தால் செம்புநிறம் படியக் கூடாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேருங்கள். அன்றே தெளித்துவிடுங்கள். மயில்துத்தம் விஷம், பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது. பழம் முற்றும் சமயத்தில் தெளிக்க வேண்டாம்.

கிளிக்கும் மைனாவுக்கும் கொத்துகளுக்குத் துணிப்பை கட்டலாம். பறவை தின்றதும் தர்மக் கணக்கில்தான் என்று நாம் அறிவோம். ஆனாலும் பாட்டிக்கு ஒரு கொத்தாவது மிஞ்ச வேண்டாமா?

விதை இல்லை என்பதற்காகச் சிறு குழந்தைக்கு முழுப் பழத்தைக் கொடுத்துவிடாதீர்கள். வழுக்கும் அந்த உருண்டை மூச்சுக்குழாயை அப்படியே அடைத்துவிடக் கூடியது. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு நீளவாக்கில் நான்காக நறுக்கி, உட்காரவைத்துக் கொடுங்கள்.

ஜனவரியில் வெட்டிய குச்சிகளை எறியாதீர்கள். முற்றிய குச்சியில் நான்கு கணு வைத்து நறுக்கி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நிழலில் ஊன்றி ஈரம் காயாமல் வைத்தால் வேர் பிடிக்கும். ஜூன் வந்ததும், இன்ஷா அல்லாஹ், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கக் கன்று தயாராக இருக்கும்.