உஷார்! அழைப்புக் கடிதத்தை மட்டும் நம்பிக் கெடாவுக்குக் கிளம்பாதீர்கள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் மாநாடு, கட்டுரை ஏற்கப்பட்டது என்று கடிதம் வந்துவிட்டதா? மகிழ்ச்சி. ஆனால் டிக்கெட் எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

மாநாட்டு அரங்குக்குள் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடுவதில்லை. ஆபத்தெல்லாம் வெளியேதான். அறை எடுக்கும்போது, வண்டி பிடிக்கும்போது, ‘வந்ததே வந்தோம், கடாரத்தைப் பார்க்காமல் போவதா’ என்று கடைசி நாள் பிற்பகலில் கூட்டமாகக் கிளம்பும்போதுதான் சிக்கிக்கொள்கிறார்கள். 2023 ஜூலையில் கோலாலம்பூர் மலாயா பல்கலைக்கழகத்தில் நடந்த 11-ஆம் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டுக்கு வந்து போனவர்கள் இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிவிடுகிறார்கள். அங்கே ‘யுனிவர்சிட்டி’ என்ற பெயரிலேயே ரயில் நிலையம் உண்டு, கிராப் வாடகை வண்டி அழைத்தால் சில நிமிடத்தில் வந்து நிற்கும். கெடாவின் செமிலிங்கிலும் மெர்போக்கிலும் தஞ்சோங் டாவாயிலும் அந்த வசதியை எதிர்பார்க்காதீர்கள்.

முதல் கேள்வி, அந்த மாநாடு உண்மையிலேயே நடக்கப்போகிறதா? பதற்றத்தில் கேட்கும் கேள்வி இல்லை இது. ஹைதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் நிறுவனம் ஒப்புதல் தராத அறிஞர்களின் பெயர்களைக்கூடப் போட்டு மாநாடுகளை விளம்பரப்படுத்தியது என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. 2019-இல் அமெரிக்க நீதிமன்றம் அந்த நிறுவனத்துக்கு எதிராக 5 கோடி டாலருக்கும் மேல் செலுத்தும்படி தீர்ப்பளித்தது. அதோடு இந்த வியாபாரம் ஓய்ந்துவிடவில்லை. மருத்துவம், மேலாண்மை, மொழியியல், பொறியியல் எல்லாம் ஒரே மாநாட்டில் என்று அழைப்பு வந்தால் சந்தேகப்படுங்கள். கட்டுரை அனுப்பிய மறுநாளே ‘ஏற்கப்பட்டது, கட்டணம் செலுத்துக’ என்று பதில் வந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர் போட்டிருந்தால், அழைப்பில் உள்ள எண்ணுக்குப் பேசாதீர்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்தில் துறையின் எண்ணைத் தேடி எடுத்து, ‘இப்படி ஒரு மாநாடு உங்களிடம் நடக்கிறதா?’ என்று நேராகக் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஒரு மாதச் சம்பளத்தைக் கட்டணமாகக் கட்டும் ஆய்வு மாணவர்கள் இருக்கிறார்கள்.

மாநாடு உண்மையாகவே இருந்தாலும் பேச்சாளர் பட்டியல் வெளியான நாளிலிருந்து இன்னொரு கூட்டம் வேலையைத் தொடங்கிவிடும். பட்டியலில் உங்கள் பெயர், துறை, கல்லூரி எல்லாம் இருக்கிறது. மின்னஞ்சலைக் கண்டுபிடிக்க அது போதும். ‘மாநாட்டின் அதிகாரபூர்வ தங்குமிடப் பிரிவிலிருந்து பேசுகிறோம், அறைகள் தீர்ந்துகொண்டிருக்கின்றன, இன்றிரவுக்குள் உறுதி செய்யாவிட்டால் சலுகை விலை கிடையாது’ என்று அழைப்பு வரும். மாநாட்டின் முழுப் பெயரைச் சொல்வார்கள், தேதி சொல்வார்கள், உங்கள் கட்டுரைத் தலைப்பைக்கூடச் சொல்வார்கள். பிறகு கடன் அட்டையின் எண்ணையும் பின்பக்கத்து மூன்று இலக்கத்தையும் கேட்பார்கள். கொடுத்துவிட்டால் அறையும் இருக்காது, பணமும் இருக்காது. நள்ளிரவில் பெட்டியோடு வந்து நிற்பவருக்கு ‘உங்கள் பெயரில் எதுவும் இல்லை’ என்பார் வரவேற்பாளர்.

இதன் புதிய வடிவம் இன்னும் மோசம். நீங்கள் ஒழுங்காகவே முன்பதிவுச் செயலியில் அறை எடுத்திருப்பீர்கள். மோசடிக்காரர்கள் அந்த ஓட்டலின் கணக்குக்குள் நுழைந்து, அதே செயலியின் உரையாடல் பெட்டியிலேயே ‘அட்டையை மறுபடி உறுதி செய்யுங்கள், இல்லையேல் 24 மணி நேரத்தில் முன்பதிவு ரத்து’ என்று இணைப்பு அனுப்புவார்கள். வந்த இடம் சரியாக இருக்கிறதே என்று நம்பிவிடுவோம். நம்பாதீர்கள்! அந்த இணைப்பைத் தொடாமல் ஓட்டலுக்கு நேரடியாகத் தொலைபேசியில் பேசுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் முதலில் உங்கள் வங்கியை அழைத்து அட்டையை முடக்குங்கள். பிறகு மோசடிப் புகார் எண்ணை அழையுங்கள்: இந்தியாவில் 1930, மலேசியாவில் 997. ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

மலேசியாவுக்குள் வரும் வெளிநாட்டவர் 2024 ஜனவரி 1 முதல் மின்னியல் வருகை அட்டையை, வந்திறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பியாக வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு விலக்கு உண்டு. இதற்குக் கட்டணமே கிடையாது. ஆனால் தேடுபொறியில் தட்டினால் முதலில் வந்து நிற்பது பல நேரம் பணம் பறிக்கும் போலித் தளம். முகவரி ‘ஜிஓவி டாட் எம்ஒய்’ என்று முடிகிறதா என்று பாருங்கள். அட்டை எண் கேட்டால் உடனே மூடிவிடுங்கள். உங்கள் கடவுச்சீட்டு எண்ணையும் பயண விவரத்தையும் முன்பின் தெரியாதவர் கையில் கொடுக்கிறீர்கள் என்பதுதான் பணத்தைவிடப் பெரிய இழப்பு.

இனி ஊர்ப் பெயர்கள். இங்கேதான் படித்தவர்களே அதிகம் தவறுகிறார்கள். ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தின் முகவரியில் பீடோங் என்றிருக்கும். வளாகம் இருப்பது செமிலிங்கில். யூ.ஐ.டி.எம். பல்கலைக்கழகத்தின் கெடா கிளைக்குப் பெயர் சுங்கை பட்டாணி வளாகம், ஆனால் அது மெர்போக்கில் இருக்கிறது. யூ.எஸ்.எம். பல்கலைக்கழகம் என்றால் எல்லாரும் பினாங்குத் தீவின் கெலுகோரைத்தான் நினைப்பார்கள். பொறியியல் வளாகம் பெருநிலத்தில் நிபோங் திபாலில், மருத்துவ வளாகம் கிளந்தான் மாநிலத்தின் குபாங் கெரியானில். கெடாவில்தானே என்று யூ.யூ.எம். பல்கலைக்கழக மாநாட்டுக்குச் சுங்கை பட்டாணியில் அறை எடுக்காதீர்கள். அது இருக்கும் சிந்தோக் தாய்லாந்து எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விடக் குழப்பம் தருவது கெப்பாலா பத்தாஸ். அலோர் ஸ்டார் விமான நிலையம் இருக்கும் இடத்துக்கு அந்தப் பெயர். பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறையிலும் அதே பெயரில் ஒரு டவுன் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே சுங்கை பட்டாணி, குரூண், அலோர் ஸ்டார் மூன்றும் கிடக்கின்றன. வண்டியில் ஏறி ‘கெப்பாலா பத்தாஸ்’ என்று மட்டும் சொன்னால் ஓட்டுநர்மேல் குற்றமில்லை, விமானம்தான் போய்விடும்.

சென்னையிலிருந்து பினாங்குக்கு இண்டிகோ 2024 டிசம்பரில் நேரடி விமானம் தொடங்கியதால் பலர் அதில் வருகிறார்கள். நல்லதுதான். ஆனால் பினாங்கு விமான நிலையம் தீவின் தென்கோடியில் பாயான் லெப்பாஸில் இருக்கிறது. அங்கிருந்து பாலம் தாண்டி, பெருநிலம் வந்து, நெடுஞ்சாலையில் வடக்கே ஏறி செமிலிங் சேர நெரிசல் இல்லாவிட்டாலே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வேலை விடும் நேரத்தில் பாலத்தில் மாட்டினால் கணக்கே இல்லை. காலை ஒன்பது மணி அமர்வுக்கு அதே காலையில் வந்திறங்கும் திட்டம் வேண்டவே வேண்டாம். கோலாலம்பூரில் விமானம் மாறுகிறவர்கள் அடுத்த டிக்கெட்டில் சுபாங் என்றிருக்கிறதா என்று கண்ணை விரித்துப் பாருங்கள். கே.எல்.ஐ.ஏ.வும் சுபாங்கும் வேறு வேறு நிலையங்கள், இடையே நீண்ட சாலைப் பயணம்.

ரயிலில் வருகிறவர்கள் சுங்கை பட்டாணியிலேயே இறங்குங்கள். பட்டர்வொர்த் தனிக் கிளைப் பாதையின் முனை, வடக்கே அலோர் ஸ்டார், பாடாங் பெசார் போகும் ஈ.டி.எஸ். ரயில் அங்கே போகாது. பள்ளி விடுமுறையிலும் பெருநாள் காலத்திலும் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே எடுங்கள். வாடகைக் காடி ஓட்ட நினைப்பவர்கள் டச் அண்ட் கோ அட்டையில் பணம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நெடுஞ்சாலையில் ஏறுங்கள், டோலில் ரொக்கம் வாங்கமாட்டார்கள். இன்னொன்று, பகலில் செமிலிங்குக்கு கிராப் கிடைத்தது என்பதால் இரவு விருந்து முடிந்து பத்து மணிக்கும் கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். வந்த ஓட்டுநரிடமே திரும்பும் நேரத்தைப் பேசி எண்ணை வாங்கிக்கொள்வதுதான் இந்தப் பக்கத்து வழக்கம்.

கெடாவின் வார விடுமுறை வெள்ளியும் சனியும்! வியாழன் மாலையோடு அரசு அலுவலகமும் வங்கிக் கிளையும் மூடினால் ஞாயிறு காலைதான் திறக்கும். பக்கத்துப் பினாங்கில் சனி, ஞாயிறு. இந்த இரண்டுக்கும் நடுவே கடவுச்சீட்டைத் தொலைத்தவர், மருந்துச் சீட்டைத் தொலைத்தவர் படும் பாட்டைச் சொல்லி மாளாது. வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகை நேரத்தில் பல கடைகள் அடைத்திருக்கும். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தேவைக்கு மேலேயே சில நாள் மாத்திரையைச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போடாதீர்கள்.

இப்போது தஞ்சோங் டாவாய். மாநாட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது இந்த இடத்தைத்தான். கேட்பதும் நியாயம். 1025-இல் இராசேந்திர சோழனின் கப்பல் படை வந்த கடாரத்தின் கடல்வாசல் இந்த மெர்போக் ஆற்று முகத்துவாரத்தை ஒட்டித்தான் என்று எண்ணும்போது தமிழ் படித்த யாருக்கும் மனம் பொங்கும். படகுத்துறையில் கருவாட்டுக் கடைகள் வரிசையாக இருக்கும். நெத்திலியை அள்ளிக் கையில் கொட்டிக் காட்டுவார்கள். தலையில்லாதது ஒரு விலை, தலையோடு ஒரு விலை. வாங்குங்கள், ஆனால் காற்றுப் புகாமல் இரண்டு மூன்று உறை போட்டுக் கட்டச் சொல்லுங்கள், விமான நிறுவனம் ஏற்குமா, உங்கள் நாட்டுச் சுங்கத்துறை விடுமா என்று முன்னதாகக் கேட்டு வையுங்கள்.

ஆபத்து எதிர்க்கரையில் இருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பந்தாய் மெர்டேக்கா கண்ணுக்கு நேரே தெரியும். சிறு படகில் சில நிமிடம்தான். முகத்துவாரத்தில் பாலம் கிடையாது. கைப்பேசி வரைபடத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, பந்தாய் மெர்டேக்காவில் அறை எடுத்துவிட்டு மெர்போக்கில் மாநாட்டுக்குப் போய்வரலாம் என்று நினைத்தால், தினமும் சுங்கை பட்டாணியைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கும். மாலையில் படகேறி அக்கரைக்குப் போகிறவர்கள் கடைசிப் படகு எப்போது என்று படகோட்டியிடமே கேட்டுவிட்டு ஏறுங்கள். உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் காலே வைக்காதீர்கள். கடல் கலங்கியிருந்தால் படகோட்டி தயங்குவார், அப்போது கூடுதல் பணம் நீட்டி அவரை வற்புறுத்தாதீர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கெடாவில் உயிரிழந்தவர்கள் 12 பேர். கோத்தா கோலா மூடாவில் அதற்கு நினைவிடமே இருக்கிறது. இது அமைதியான கடல்தான், எப்போதும் அல்ல.

கடைசியாக, என்னை மிகவும் கலங்க வைப்பது ஜெராய் மலை. பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகமும் புக்கிட் பத்து பாஹாட் சண்டியும் (பழங்கோயில்) மெர்போக்கில் இந்த மலையின் அடிவாரத்தில் இருக்கின்றன. சண்டியின் பக்கத்திலேயே பாறைகளுக்கு நடுவே ஓடை ஓடுகிறது. வெயிலில் கற்படிகளை ஏறி இறங்கியவர்கள் அடுத்துச் செய்வது செருப்பைக் கழற்றிவிட்டு அதில் இறங்குவதுதான். தண்ணீர் கணுக்கால் அளவு, பளிங்குபோலத் தெளிவு. குழுப் படமும் அங்கேதான் எடுப்பார்கள்.

2021 ஆகஸ்ட் 18 மாலை இதே ஜெராய் மலையிலிருந்து வெள்ளம் இறங்கியது. யான் பக்கத்துக் கிராமங்களில் மண்ணும் மரமும் பாறையுமாக வந்து வீடுகளை அடித்தது, மெர்போக் பக்கமும் பாதிக்கப்பட்டது. ஆறு பேர் உயிரிழந்தார்கள். ஜெராயின் உச்சி 1,217 மீட்டர், கடலோரத்தில் தனியாக எழுந்து நிற்கும் மலை. கடற்காற்று மோதி உச்சியில் கொட்டும் மழை அடிவாரத்தில் ஒரு துளிகூட விழாமல் இருக்கலாம். மேலே பெய்தது சரிவில் ஒன்றாகத் திரண்டு சில நிமிடங்களில் கீழே வந்துவிடும். தண்ணீர் திடீரென்று தேநீர் நிறமாக மாறினால், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், மேலே எங்கோ லாரி வருவதைப்போல உறுமல் கேட்டால், அந்த நொடியே கரையேறுங்கள். பையை எடுக்க நிற்காதீர்கள், செருப்பைத் தேடாதீர்கள், அக்கரைக்குத் தாண்ட முயலாதீர்கள். நீங்கள் நிற்கும் பக்கத்திலேயே மேட்டுக்கு ஏறுங்கள். உச்சி மேகத்தால் மூடியிருக்கும் நாளில், அதுவும் பிற்பகலில், ஓடையில் இறங்கவே வேண்டாம். துப்பா நீர்வீழ்ச்சிக்கும் இதே எச்சரிக்கைதான்.

சுற்றுலாவுக்குப் பொறுப்பேற்கும் ஏற்பாட்டுக் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள். அருங்காட்சியகப் பயணத்தைக் கடைசி நாள் மாலைக்குத் தள்ளாமல் காலையில் வையுங்கள். பேருந்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் பெயர் படித்து எண்ணுங்கள். அவசர எண் 999 எல்லார் கைப்பேசியிலும் இருக்கட்டும், உள்ளூர் ஏற்பாட்டாளர் ஒருவரின் எண்ணும் இருக்கட்டும். மூத்த பேராசிரியர் ஒருவர் ‘ஐந்து நிமிடம்தானே, காலை நனைத்துவிட்டு வந்துவிடுகிறேன்’ என்பார். மரியாதை பார்த்து விட்டுவிடாதீர்கள். ‘மன்னிக்கணும் ஐயா, இன்று ஜெராய் மூடியிருக்கிறது’ என்று கையைப் பிடித்துப் பேருந்தில் ஏற்றுங்கள். அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.