காப்பீட்டு அட்டையும் மலைப்பாதையும்

ஏற்காடு வட்டத்தில், சேர்வராயன் மலைமேல் அமைந்துள்ள ஊர் வாழவந்தி. காப்பித் தோட்டங்களில் நாட்கூலிக்குச் செல்வோரும், சிறு நிலத்தில் பயிரிட்டுப் பிழைக்கும் மலையாளி இன மக்களும் வாழும் பகுதி இது. இங்குள்ள ஓர் ஏழைக் குடும்பத்தில் நோய் புகுந்தால், அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் எந்த இடத்தில் கைகொடுக்கிறது, எந்த இடத்தில் கைகொடுக்க இயலாமல் நிற்கிறது? இத்திட்டத்தை ஏழைகளின் உயிர்காப்பு என்று போற்றுவோர் உண்டு. தனியார் மருத்துவமனைகளுக்குப் பொதுப்பணத்தைத் திருப்பிவிடும் வாய்க்கால் என்று குறைகூறுவோரும் உண்டு. இரு தரப்பிலும் உண்மை இருப்பதால், வரவையும் செலவையும் நாம் நிதானமாக எடைபோட்டுப் பார்ப்பது நல்லது.

திட்டம் வந்த வழி

தொழிலாளரின் நோய்க்காலச் செலவைப் பலர் கூடிச் சுமக்கும் முறையை 1883-ஆம் ஆண்டிலேயே ஜெர்மனி சட்டமாக்கிற்று. நம் நாட்டில் 1948-ல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் பிறந்தது. அது பெரும்பாலும் ஆலைத் தொழிலாளருக்கே பயன்பட்டது. மலைத்தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவ வசதி செய்து தருவது தோட்ட உரிமையாளரின் கடமை என்று 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஆயினும், குறிப்பிட்ட பரப்பும் ஆள் எண்ணிக்கையும் உள்ள தோட்டங்களையே அச்சட்டம் கட்டுப்படுத்தியது. சிறு தோட்டங்களில் இன்று இங்கும் நாளை அங்குமாகக் கூலிக்குச் செல்பவர் அதன் நிழலுக்கு வெளியே நின்றனர்.

இவ்வாறு விடுபட்டோரையும் சேர்த்துக்கொள்ளும் வகையில் தமிழக அரசு 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கிற்று. நான்கு ஆண்டுகளில் ஒரு குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையிலான சிகிச்சைக்கு அது வழிசெய்தது. அதற்குப் பதிலாக 2012 ஜனவரி 11 அன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு ஒரு லட்சமும், சில சிகிச்சைகளுக்கு ஒன்றரை லட்சமும் அதன் வரம்பு. 2018-ல் மத்திய அரசின் பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டத்துடன் இது இணைக்கப்பட்டபோது, வரம்பு ஐந்து லட்சமாக உயர்ந்தது. பயன்பெறுவோருக்கான ஆண்டு வருமான வரம்பும் 72,000 ரூபாயிலிருந்து பின்னர் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

நன்மையின் கணக்கு

2022 ஜனவரியில் இத்திட்டம் ஐந்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டபோது, ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாய் காப்பீட்டுக் கட்டணமாக நிர்ணயிக்கப்பட்டது. இதைக் குடும்பம் செலுத்துவதில்லை; அரசே செலுத்துகிறது. 849 ரூபாயைக் கொண்டு ஐந்து லட்சம் வரை எவ்வாறு பாதுகாப்புத் தர முடியும் என்று சிலர் வியப்புறலாம். ஆயிரம் குடும்பங்களை எண்ணிக்கொள்வோம். அவற்றுக்கான கட்டணம் 8,49,000 ரூபாய். அவற்றுள் இருபது குடும்பங்களில் அந்த ஆண்டு ஒருவர் மருத்துவமனையில் சேர நேர்ந்தால், ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ 42,000 ரூபாய் கிடைக்கும். நோயுறாத 980 குடும்பங்களின் பங்கு நோயுற்ற இருபது குடும்பங்களைத் தாங்குகிறது. காப்பீட்டின் உட்பொருள் இதுவே.

இந்தத் தாங்குதல் சிறியதன்று. 2017-18-ல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின்படி, பேறுகாலம் நீங்கலாக, ஒருமுறை மருத்துவமனையில் சேர்ந்தால் அரசு மருத்துவமனையில் சராசரியாக 4,452 ரூபாயும், தனியார் மருத்துவமனையில் 31,845 ரூபாயும் நோயாளியின் குடும்பம் செலவிட நேர்ந்தது. நாட்கூலிக் குடும்பத்துக்கு இரண்டாவது தொகை என்றால் கடன், அல்லது நகை, அல்லது நிலம் போய்விடும். இருதய அறுவைச் சிகிச்சை, புற்றுநோய்ச் சிகிச்சை, சிறுநீரகம் பழுதுற்றோருக்கான இரத்தச் சுத்திகரிப்பு ஆகியவற்றுக்குப் பணம் கட்டாமல் நகரத்து மருத்துவமனையின் வாசலை மிதிக்கும் உரிமையை இந்த அட்டை தந்துள்ளது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற அரசு நிறுவனங்களும் இத்திட்டத்தின்கீழ்ச் செய்யும் சிகிச்சைகளுக்குரிய தொகையைப் பெறுகின்றன. ஆகவே, பணம் முழுவதும் தனியாருக்கே போகிறது என்பது சரியன்று.

குறையின் கணக்கு

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்த பின்னரே பேசத் தொடங்குகிறது. ஆனால் நோய் அங்கே தொடங்குவதில்லை. தலைசுற்றலை அசதி என்று எண்ணிக் காப்பிப் பழம் பறிக்கப் போகும் பெண்ணுக்கு இரத்த அழுத்தம் இருப்பது யாருக்கும் தெரியாது. ஏற்காட்டுக்கு வந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கினாலும் சரி, குப்பனூர் பாதையில் இறங்கினாலும் சரி, சேலத்துக்குச் சென்று மருத்துவரைக் கண்டு வீடு திரும்ப ஒரு நாள் கழிந்துவிடும். அன்றைய கூலியும் போகும்; துணைக்கு வருபவரின் கூலியும் போகும். பேருந்துக் கட்டணம், சாப்பாட்டுச் செலவு, வெளியே வாங்கும் மாத்திரை ஆகியவை எந்த அட்டையிலும் ஏறுவதில்லை. இதற்கு அஞ்சியே பலர் ‘அடுத்த வாரம் பார்ப்போம்’ என்று தள்ளிப்போடுகின்றனர். முடிவில் பக்கவாதமோ மாரடைப்போ வந்தபின் அட்டை வேலை செய்கிறது. சில ரூபாய் மாத்திரையால் தடுத்திருக்கக்கூடிய நோய்க்கு லட்சக்கணக்கில் பொதுப்பணம் செலவாகிறது; குடும்பமோ உழைப்பாளியை இழந்து நிற்கிறது.

மற்றொரு குறை கண்காணிப்பைப் பற்றியது. செய்யும் சிகிச்சை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பணம் உண்டென்றால், தேவையற்ற சிகிச்சைக்கும் ஆசை பிறக்கும். பீகார், சத்தீஸ்கர் ஆகிய மாநிலங்களில் காப்பீட்டுத் தொகைக்காக ஏழைப் பெண்கள் பலருக்குத் தேவையின்றிக் கருப்பை அகற்றப்பட்டதாக எழுந்த புகார் உச்சநீதிமன்றம்வரை சென்றது. இத்தகைய அறுவைகளைக் கண்காணிக்கும் நெறிமுறைகளை நடைமுறைப்படுத்துமாறு 2023 ஏப்ரலில் நீதிமன்றம் பணித்தது. அதே ஆண்டு வெளிவந்த இந்தியத் தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கை, மத்தியத் திட்டத்தில் ஏறத்தாழ ஏழரை லட்சம் பயனாளிகள் ஒரே கைப்பேசி எண்ணுடன் பதிவாகியிருந்ததைச் சுட்டிக்காட்டிற்று. பதிவேடு செம்மையாக இல்லாத இடத்தில் உரியவருக்குரியது உரியவரைச் சேரும் என்று எவ்வாறு நம்புவது?

பிறர் கண்ட வழி

அண்டை நாடான இலங்கை, தனிக் காப்பீடு இன்றியே, பொது வரிப்பணத்தைக் கொண்டு அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கும் முறையை வளர்த்தது. தாய்லாந்து 2002-ல் தன் மக்கள் அனைவருக்கும் நலவாழ்வுப் பாதுகாப்பைச் சட்டமாக்கிற்று. தொடக்கத்தில் ஒருமுறை வருகைக்கு 30 பாட் மட்டுமே கட்டணம். அங்கே மக்கள் தம் பகுதி மருத்துவமனையில் பதிவுசெய்துகொள்கின்றனர். புறநோயாளிச் சிகிச்சைக்காகத் தலைக்கு இவ்வளவு என்று அரசு அம்மருத்துவமனைக்கு ஆண்டுதோறும் பணம் தருகிறது. நோய் குறைந்தால் மருத்துவமனைக்குச் செலவும் குறையும். ஆகவே நோயைத் தடுப்பதில் அதற்கே அக்கறை ஏற்படுகிறது.

தமிழகத்துக்கும் இவ்வழி புதிதன்று. 1994-ல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பும் முறையில் நாட்டுக்கே முன்மாதிரியாயிற்று. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு சென்றது. மலைவாழ் குடும்பத்துக்கு இது எத்தகைய உதவி என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

ஆகவே, காப்பீடு வேண்டுமா வேண்டாமா என்பது சரியான கேள்வியன்று. பெருநோய்க்குக் காப்பீடு வேண்டும். அதை எடுத்துவிட்டால் ஏழை மீண்டும் வட்டிக்காரரிடமே போவார். ஆனால் காப்பீட்டுக்காக ஒதுக்கும் தொகை வளரும்போது, மலைமேலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவர், செவிலியர், மருந்து, பரிசோதனை ஆகியவற்றுக்கான தொகை தேய்ந்துவிடக் கூடாது. சீர்திருத்தம் எதுவாயினும் இந்த ஒரு அளவுகோலால் அதை நாம் அளக்கவேண்டும்: வாழவந்திப் பெண்ணின் இரத்த அழுத்தம், அவர் மலையிறங்கும் முன்னரே கண்டறியப்படுமா?

நாம் செய்யக்கூடியவை

அரசு செய்யவேண்டியதை அரசிடம் கேட்போம்; நம் கையில் உள்ளதையும் செய்வோம். நோய் வந்த பின் அட்டைக்கு அலைவதைக் காட்டிலும் முன்னரே பெற்று வைப்பது நலம். கிராம நிர்வாக அலுவலர் வழியாக வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டை, ஆதார் அட்டைகளுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்தை அணுகவேண்டும். குடும்பத்தில் அனைவரின் பெயரும் சரியாக உள்ளதா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை, திட்டத்துக்கு உட்பட்ட சிகிச்சைக்குத் தனியே பணம் கேட்டால், எதற்கு என்று கேட்கத் தயங்கலாகாது. பெரிய அறுவை என்றால் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதும் நோயாளியின் உரிமையே. எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர்கள் தம் ஊரில் அட்டை இல்லாத முதியவர்களையும் கைம்பெண்களையும் கண்டறிந்து, ஒரே நாளில் சேர்ந்து அழைத்துச் சென்று பதிவுசெய்து வரலாம். ஒரு நாள் கூலியும் ஒரு வண்டிச் செலவும் பகிர்ந்துகொள்ளப்பட்டால், பலருக்கு வரக்கூடிய பெரும் கடன் தவிர்க்கப்படும். முப்பது வயதைக் கடந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொண்டால், அட்டையைப் பயன்படுத்தவேண்டிய நாளே பலருக்கு வராமல் போகலாம்.