சிசுவின் காவல் அணுக்களும் எச்.ஐ.வி. கிருமியும்

பயிரில் பூச்சி கண்டால் தொடக்கத்திலேயே கவனிக்க வேண்டும் என்பதை நம் விவசாய அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் எச்.ஐ.வி. கிருமியின் விஷயத்திலும் காலமே பிரதானமாகும். இதற்குக் காரணம் சிசுவின் ரத்தத்திலுள்ள காவல் அணுக்களின் இயல்பே.

வெள்ளை அணுக்களில் சி.டி.4 என்பதொரு வகை. பிற காவல் அணுக்களை ஏவி நடத்துபவை இவையே. எச்.ஐ.வி. கிருமி இவற்றினுள் புகுந்து, அணுவின் மரபுப் பொருளோடு தன்னைப் பிணைத்துக்கொண்டு, அங்கேயே பல்கிப் பெருகுகிறது.

வயது வந்தவர் உடலில் சி.டி.8 என்னும் அணுக்கள் விரைந்து பெருகி, கிருமி புகுந்த அணுக்களைக் கொல்கின்றன. சில மாதங்களில் கிருமியின் அளவு வெகுவாகத் தாழ்கிறது. சிசுவின் சி.டி.8 அணுக்களோ முதிர்ச்சி பெறாதவை. மேலும், கருவிலிருந்தபோது தாயின் அணுக்களைப் பகைக்காமல் பொறுத்துப் பழகிய இயல்பு சிசுவின் காவல் அணுக்களிடம் எஞ்சியிருக்கிறது. ஆதலால் கிருமி மிகுந்த அளவிலேயே நெடுங்காலம் நீடிக்கிறது. சிகிச்சை பெறாத குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் 2 வயது நிறையுமுன் இறந்துவிடுகின்றனர்.

நோயைக் கண்டறிவதிலும் ஒரு சிக்கல் உண்டு. தாயின் எதிர்ப்புப் பொருள்கள் குழந்தையின் ரத்தத்தில் 18 மாதம் வரை தங்கக்கூடும். எனவே பெரியவர்களுக்குச் செய்யும் சோதனை சிசுவுக்குப் போதாது. கிருமியையே நேரில் தேடும் சோதனையை 6-வது வாரத்திலேனும் செய்வித்தல் அவசியம்.

தென்னாப்பிரிக்காவில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2008-ல் வெளிவந்தது. 6 முதல் 12 வாரம் வரை வயதுள்ள, காவல் அணுக்கள் இன்னும் குறையாத குழந்தைகளில் ஒரு சாராருக்கு உடனே மருந்து தரப்பட்டது. மற்றவர்களுக்கு அணுக்கள் குறைந்த பிறகோ நோய்க்குறி தோன்றிய பிறகோ தரப்பட்டது. முன்னவரில் 100-க்கு 4 பேரும், பின்னவரில் 100-க்கு 16 பேரும் இறந்தனர். அவ்வாண்டே உலக சுகாதார ஸ்தாபனம், தொற்றுள்ள சிசுக்கள் யாவருக்கும் தாமதமின்றி மருந்து தொடங்கப் பரிந்துரைத்தது. மருந்து கிருமியை அடக்கியதும், குழந்தையின் தைமஸ் சுரப்பி புதிய சி.டி.4 அணுக்களை ஊக்கத்துடன் படைக்கிறது.

எனினும் மருந்தை நிறுத்தலாகாது. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் 2010-ல் பிறந்த ஒரு குழந்தைக்கு 30 மணி நேரத்தில் மருந்து தொடங்கப்பட்டது. பின்னர் அது நின்றுபோயும் 27 மாதம் கிருமி தென்படவில்லை. 2014-ல் மீண்டும் தோன்றிற்று. உறங்கும் நினைவு அணுக்களில் கிருமி ஒளிந்திருந்ததே காரணம்.

தடுப்பு முறைகள் இல்லையேல் தாயிடமிருந்து குழந்தைக்கு 100-க்கு 15 முதல் 45 வரை தொற்றக்கூடும். முறைப்படி மருந்துண்டால் இது 5-க்கும் கீழே குறைகிறது. ஆகவே கர்ப்பிணிகள் யாவரும் சோதனை செய்துகொள்ளல் வேண்டும். நம் அரசாங்க மருத்துவமனைகளில் சோதனையும் மருந்தும் இலவசமே.

தொடுவதாலும் உடன் உண்பதாலும் இக்கிருமி பரவாது. தொற்றுள்ள குழந்தையைப் பள்ளியிலிருந்தோ பந்தியிலிருந்தோ விலக்குதல் ஒருபோதும் தகாது. உரிய காலத்தில் மருந்தும், அயலாரின் அன்பும் பெற்றால் அக்குழந்தை வளர்ந்து, நாளை நம் சங்கத்திலும் ஓர் அங்கத்தினராகும்.