யோசனை கேட்பதற்கும் ஒரு முறை உண்டு

பயிரில் நோய் கண்டாலும், தறியில் பழுது நேர்ந்தாலும், அறிந்தவரை அணுகி யோசனை கேட்பது இழிவன்று. ஒருவர் அறிந்ததைப் பலரும் அறிந்து பயன்பெறுவது கூட்டுறவின் நோக்கங்களுள் ஒன்று. ஆயினும், கேட்பவர்களுள் சிலருக்கு உடனே தெளிவான விடை கிடைக்கிறது. வேறு சிலருக்கோ நான்கு முறை நடந்தும் குறை தீர்வதில்லை. இதற்குக் காரணம் பெரும்பாலும் கேட்கும் முறையிலேயே இருக்கிறது.

நம் அங்கத்தினர் ஒருவர் நிலக்கடலை பயிரிட்டிருந்தார். செடிகள் மஞ்சளித்தன. வழியிற் கண்ட நண்பரிடம், "கடலை மஞ்சளாகிறது, என்ன செய்யலாம்?" என்றார். "யூரியா போடுங்கள்" என்றார் நண்பர். போட்டார், பயனில்லை. பின்னர் வேளாண்மை அலுவலரிடம் சென்றபோது, யூரியா இட்டதைச் சொன்னால் கடிந்துகொள்வாரோ என்று அஞ்சி மறைத்துவிட்டார். அலுவலரும் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம் என்று எண்ணி அதே உரத்தைச் சொல்ல நேர்ந்தது. இரண்டு முறை உரச் செலவு, நாட்களும் வீணாயின.

இறுதியில் ஒரு செடியை வேரோடு பிடுங்கிச் சென்று காட்டிய பிறகே உண்மை புலப்பட்டது. மஞ்சளித்திருந்தவை அடியிலைகள் அல்ல, துளிரிலைகள். அவற்றிலும் நரம்புகள் பச்சையாகவே இருந்தன. சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் காணும் இரும்புச்சத்துக் குறைவு அது. அலுவலர் சொன்ன அளவில் அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளித்ததும் செடிகள் தேறின. ஆனால், இழந்த நாட்களின் குறை விளைச்சலில் தெரிந்தது.

தழைச்சத்துக் குறைந்தால் முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளிக்கும். இரும்புச்சத்துக் குறைந்தால் இளந்துளிர்கள் மஞ்சளிக்கும். வேரடியில் நீர் தேங்கினாலும் பயிர் மஞ்சளிக்கும். ஆதலால், 'மஞ்சளாகிறது' என்னும் ஒரு சொல்லைக் கொண்டு எந்த நிபுணரும் விடை கூற இயலாது.

நெசவிலும் இவ்வாறே. 'பாவு இழை அறுகிறது' என்பது போதாது. ஒரே இடத்து இழைகள் திரும்பத் திரும்ப அறுந்தால், அவ்விடத்து அச்சுப் பல்லையோ விழுதின் கண்ணையோ பார்க்க வேண்டும். பாவு முழுவதும் பரவலாக அறுந்தால், நூலின் வலிமை, கஞ்சியின் பதம், காற்றின் வறட்சி ஆகியவற்றை ஆராய வேண்டும். எங்கே அறுகிறது என்று ஒரு நாள் கவனித்துக் குறித்து வந்தவருக்குப் பாதி விடை தம் கையிலேயே இருக்கும்.

எனவே, உதவி கேட்கச் செல்லுமுன் நாம் செய்யத்தக்கவை சில உண்டு. முதலாவது, கண்டதைக் கண்டபடி சொல்லுதல்: குறை எப்போது தோன்றியது, எவ்வளவு இடத்தில் பரவியது, விதை எது, நூலின் நம்பர் என்ன என்பனவற்றைத் தாளில் எழுதிக்கொள்ளலாம். இரண்டாவது, செய்து பார்த்ததை மறையாமை: இட்ட உரம், தெளித்த மருந்து, அவற்றின் அளவு ஆகிய யாவும் சொல்லப்பட வேண்டும். தவறு செய்திருந்தால் அதையே முதலில் சொல்லுவது நலம். மூன்றாவது, சான்று கொண்டு செல்லுதல்: நோயுற்ற செடியோடு நல்ல செடி ஒன்றையும், அறுந்த இழையோடு சிறிது நூலையும் எடுத்துச் செல்க. நான்காவது, ஒரே நேரத்தில் பலரிடம் கேட்டு எல்லா மருந்தையும் கலந்து தெளியாமை. அவ்வாறு செய்தால், எது பயன் தந்தது என்பது எவருக்கும் தெரியாது.

கேட்பதற்கு இடங்களும் இன்று பல உள்ளன. 1974-ல் புதுச்சேரியில் முதன்முதல் தொடங்கப்பெற்ற வேளாண் அறிவியல் நிலையம் போன்றவை இப்போது பல மாவட்டங்களில் இயங்குகின்றன. 2004-ல் தொடங்கப்பெற்ற உழவர் அழைப்பு மையத்தை 1800-180-1551 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். கைத்தறியாளர்க்கு 1956 முதல் நெசவாளர் சேவை மையங்கள் உள்ளன. தொலைபேசியில் பேசுவோர் நம் வயலைக் காணமாட்டார். நம் சொற்களே அவருக்குக் கண்கள் என்பதை மறத்தலாகாது.

யோசனை பெற்ற பின்னும் கடமை ஒன்று எஞ்சுகிறது. பயிர் தேறியதா, தறி ஓடியதா என்பதைச் சொன்னவரிடம் திரும்பச் சென்று தெரிவிக்க வேண்டும். பயன் தந்தால் நன்றி கூறுக. தராவிடில் அதையும் பணிவோடு கூறுக. அவர் அடுத்தவருக்குச் சரியான வழி சொல்ல அது துணை செய்யும். சங்கக் கூட்டத்திலும் அதனை நாலு பேர் அறியச் சொன்னால், ஒருவர் கொடுத்த விலைக்கு ஊரே பாடம் பெறும்.

விடை சொல்பவருக்கும் ஒரு வேண்டுகோள். அறியாமல் கேட்பவரை நகையாடுதல் வேண்டா. நகைப்புக்கு அஞ்சியே பலர் உண்மையை மறைக்கின்றனர். மேற்சொன்ன அங்கத்தினரும் கடிந்துகொள்வாரோ என்னும் அச்சத்தினாலன்றோ தம் கடலையை வாடவிட்டார்!